எட்டாம் நம்பர் பெட்டி பதில் சொல்லாத காரணம்

குத்தாலம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் எழில்மொழிக்கு அப்பா பஞ்சநாதன் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மா அம்சவல்லியும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே பார். உன் சௌக்கியமும் ஓசூர் விடுதிச் சாப்பாட்டின் சௌக்கியமும் அறிய ஆவல்.

முதலில் ஒரு மானக்கேடு, உன் மேனேஜர் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை அவர் வீடியோ காலில் மில்லில் மோட்டாரை ஓட்ட நீ மாட்டிய டிரைவ் பெட்டியைக் காட்டச் சொன்னார். நானும் மரியாதைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் காட்டினேன். கடைசியில், "சார், உங்க மூக்கு நல்லாத் தெரியுது, டிரைவ் தெரியல" என்றார்.

விஷயம் இதுதான். ஆறு மாதம் முன்பு நீ கம்பெனி சார்பில் வந்து நம் ரைஸ் மில்லின் எட்டு மோட்டாருக்கும் எட்டுப் பெட்டி மாட்டி, ஆளுக்கொரு நம்பர் வைத்து, கம்ப்யூட்டரோடு ஒயர் இழுத்தாயல்லவா? கம்ப்யூட்டர் நம்பர் சொல்லிக் கூப்பிடும், அந்தப் பெட்டி பதில் சொல்லி மோட்டாரை ஓட்டும் என்று மேஸ்திரியான எனக்கும் புரியவைத்தாய். திங்கள் காலை எட்டாம் பெட்டி பதிலே சொல்லவில்லை. ஊறிய நெல்லைத் தொட்டியிலிருந்து தூக்குகிற மோட்டார் அது. நெல் புளித்தால் அரிசி நாறும். முதலாளி ராஜராஜன் என் தலைமேலேயே நிற்கிறார். "பஞ்சநாதா, ஒம் பொண்ணு மாட்டுன பெட்டியும் ஒன்ன மாதிரியேல்ல இருக்கு, கூப்ட்டா ஏன்னு கேக்க மாட்டேங்குது!" நீ போனில் சொன்னபடி அணைத்துப் போட்டேன், திருகாணி முடுக்கினேன், ஒயர் மாற்றப் போய் வேறு ஒயரைப் பிடுங்கினேன். அதுவரை பேசிக்கொண்டிருந்த மற்ற ஏழும் ஊமையாகிவிட்டன. அவற்றைப் பேச வைப்பதற்குள் செவ்வாய் சாயங்காலம் ஆகிவிட்டது, முதலாளியும் உன் வேலை சரியில்லை என்று கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டார். அடுத்த வாரம் உன்னை வேலையில் நிரந்தரமாக்கப் போகிற நேரத்தில்!

நேற்று எலக்ட்ரீஷியன் பக்கீர் முகம்மது வந்தான்.

"அண்ணே, எட்டாவது பெட்டில நம்பரு ஒம்பதுன்னுல்ல இருக்கு? யாரு மாத்துனது?"

"எலியா இருக்கும்."

"பட்டன அமுக்கி, நம்பரத் தேடிப் புடிச்சு மாத்திட்டுப் போற எலியாண்ணே? அத ஏன் நெல்லு திங்க விடுறீங்க, வேலைக்கு வச்சுக்கங்க!"

அந்த எலி நான்தான், எழில். எட்டு சனியுடைய நம்பர். உன் வேலை நிரந்தரமாகிற சமயத்தில் உன் கையால் மாட்டிய பெட்டியில் அது எதற்கு என்று, ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் கழித்து, ஆளில்லாத நேரத்தில் ஒன்பதாக்கிவிட்டேன். ஒன்பது காலியாகத்தானே கிடந்தது? கம்ப்யூட்டரிடமும் சொல்ல வேண்டும் என்று யார் கண்டது? அது எட்டே எட்டே என்று கத்த, நம்ம ஆள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்திருக்கிறான். திங்கள் அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தமிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கீர் மறுபடி எட்டாக்கி அணைத்துப் போட்டதும் மோட்டார் ஓடியது. தொட்டி நெல் புளித்ததுதான் மிச்சம்.

முதலாளி வரையில் அது எலியாகவே இருக்கட்டும். பக்கீர் சொல்லமாட்டான், நீயும் மூச்சு விடாதே. வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. நம்மூர்ச் சாமி உன்னைக் கைவிடமாட்டார்.

இப்படிக்கு,
உன் அப்பா
பஞ்சநாதன்

பி.கு.: எலி பற்றி மேலே கேட்டுக்கொண்டதை அடித்துவிடு. தபாலில் சேர்க்கப் போகிற வழியில் மில்லுக்குள் நுழைந்து முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "சனி நம்பர்ல இல்லய்யா, ஒன் வெரல்ல இருக்கு!" என்று கத்திவிட்டு, தப்பு எங்கள் பக்கம்தான் என்று என் எதிரிலேயே உன் கம்பெனிக்கு மெயில் போட்டார். இந்தக் கடிதத்தையும் உன் மேனேஜரிடம் காட்டு. செவ்வாய்க்கிழமை போனில் நீ, "அப்பா, நான்தான் ஏதாவது தப்பாப் போட்டுட்டனாப்பா?" என்று கேட்டாய். முதலாளி பக்கத்தில் நின்றார். சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ எல்லாம் சரியாத்தாம்மா போட்டிருந்த.