மண்ணைத் திருப்பிக் கொடுக்க வந்த வாளி சார்

வாளி சார் அளவுக்கு என்னைச் சோர்ந்துபோக வைத்த மனிதர் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே கிடையாது. முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து, பசை எங்கே, பேனா எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவன் நான். அத்தனை பேரும் சேர்ந்து வாங்காத உயிரை இவர் ஒற்றை ஆளாக வாங்கினார்.

கருங்கல் பக்கம் சரிவில் எனக்கு அரை ஏக்கர் விளை. தென்னையும் ஏத்தன் வாழையும் நிற்கின்றன. இரண்டு பருவமும் மழை கொட்டுகிற ஊர். ஆனாலும் பங்குனி பிறந்தால் கிணற்றின் அடி உறையில், அந்தக் கடைசி சிமெண்டு வளையத்தில், சேறுதான் கிடக்கும். குலை தள்ளிய வாழையெல்லாம் காய்ந்து ஒடியும். மூன்று வருஷமாக இதே கதை. இன்னொரு கோடை இப்படிப் போனால் விளையை விற்றுவிட்டு நாகர்கோவிலில் ஃப்ளாட் பார்த்துப் போய்விடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். அது வாளி சார் காதுக்கும் எட்டியிருந்தது.

வாளி சார் முன்பு ஏதோ ஒரு திட்டத்தில் தற்காலிக ஊழியர். மழைத் தண்ணீரை விளையிலேயே நிறுத்தச் சொல்லி விவசாயிகளிடம் பேசுவது வேலை. திட்டம் முடிந்தது. ஆபீஸைப் பூட்டினார்கள், ஜீப்பையும் கொண்டுபோனார்கள். இவரை நிறுத்தச் சொல்லி மட்டும் யாரும் ஆர்டர் போடவில்லை போலிருக்கிறது.

மழை வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும். இவர் குடையும் வாளியுமாக ரோட்டுக்கு வருவார். சரிவிலிருந்து பாய்கிற செம்மண் கலங்கலைப் பிடித்து, தெளியவைத்து, அடியில் தங்கிய சேற்றைக் கொண்டுவந்து விளைக்காரன் வாசலில் வைப்பார்.

"மக்கா, இது ஒனக்க மண்ணு. ரோட்டுல கெடந்து. எடுத்து வையி."

"எனக்க மண்ணுதான்னு எப்பிடி சார் தெரியும்?"

"நேத்து வாழைக்கு சாணி போட்டியா? மோந்து பாரு."

முகர்ந்தும் பார்த்தேன். சாணிதான். அந்த அளவுக்கு என்னை ஆக்கிவைத்திருந்தார்.

ஒரு கல்யாணப் பந்தியில் தப்ப வழியில்லாமல் அவர் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். இலையில் சோற்றைக் குறுக்கே குறுக்கே வரப்பாக ஒதுக்கி, மேலே ரசத்தை விடச் சொன்னார். "பாத்தியா, ஒரு சொட்டு எலையை விட்டு எறங்கல்ல!" நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் ரசம் என் வேட்டிக்கு வந்துவிட்டது. "ஒனக்க வெளையில நடக்கதும் இதுதான் மக்கா" என்றார். எதிர்வரிசையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

என் மனைவியையும் விடவில்லை. தேங்காய் உரித்த கதம்பையைக் குழியில் போட்டு மூடினால் கோடை முழுக்க ஈரம் நிற்குமாம். "அப்பம் வெந்நிக்கு எதை எரிக்க?" என்று அவள் கேட்டாள். "பச்ச வெள்ளத்துல குளிங்கம்மா, ஒடம்புக்கு நல்லது" என்றார். அன்று அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள், விளையில் வாய்க்கால் மாதிரி சால் வெட்டச் சொல்லி அவர் வந்து நின்றபோது எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. வேலைக்கு வரும் செல்லையனிடம் "சார் சொன்ன மாதிரி சாலு வெட்டிப் போடு" என்று சொல்லிவிட்டு, கண் டாக்டரைப் பார்க்க நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். திரும்பி வந்தால், விளையின் உச்சியிலிருந்து ரோடு வரைக்கும் நூல் பிடித்தாற்போல ஒரே சால். எங்கள் ஊரில் சால் என்றால் தண்ணீரை வெளியே அனுப்பத்தான். செல்லையனின் அப்பாவும் அப்படித்தான் வெட்டினார்.

மறுநாள் மழை. மொத்தத் தண்ணீரும் அந்த ஒரே சாலில் இறங்கி, விளையைச் சுற்றிய மண்சுவரான கையாலையை உடைத்து, மூன்று வாழையைப் பிடுங்கி நடுரோட்டில் வைத்தது. வாளி சார் அங்கே நின்றிருந்தார். பாவம், கையில் ஒரே ஒரு வாளி.

"ஏலே செல்லையா, குறுக்க வெட்டச் சொன்னா நெட்டுக்கு வெட்டியிருக்கியே!"

"வெள்ளம் போவாண்டாமா சாரே?"

"போவப்பிடாதுன்னுதானலே வெட்டச் சொன்னது!"

"போவாத வெள்ளத்துக்கு என்னத்துக்கு சாலு?"

எனக்கும் அதே சந்தேகம்தான். சார் வேட்டியை மடித்துக் கட்டினார், செல்லையன் கையிலிருந்த மம்பட்டியை வாங்கினார். மூன்று நாள் மூன்று பேரும் சரிவுக்குக் குறுக்கே வெட்டி, கதம்பை அடுக்கி, மண் போட்டோம். என் இடுப்பு அன்றைக்குப் போனதுதான், இன்னும் வரவில்லை.

மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கேட்டேன். "ஒங்க வெளையிலயும் இப்பிடித்தான் வெட்டியிருக்கியளா சார்?"

"எனக்கு ஏது மக்கா வெளை? வாடகை வீடு. வாசல் முத்தம் முழுக்க சிமெண்டு." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசியில் அவருக்கு முட்டியில் ஆபரேஷன். இராஜாக்கமங்கலத்தில் மகள் வீட்டில் படுக்கை. படுத்தால் விடுவாரா? தினமும் காலை போன் வரும். "எத்தன உறை வெள்ளம் கெடக்கு?" நான் பல்கூடத் தேய்க்காமல் போய்க் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். பங்குனி போனது. சித்திரையும் பாதி போனது. வாழைகள் குலையோடு நின்றன.

அன்றும் கேட்டார். "ரெண்டு உறை நிக்கி சார்" என்றேன்.

"அப்பம், வெளைய விக்கல்ல இல்லியா மக்கா?" குரல் ஒரு மாதிரி இருந்தது.

"விக்கல்ல சார்."

உண்மையில் ஒன்றரை உறைதான் இருந்தது. அந்த மனுஷனிடம் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.