செவ்வாய்க்கிழமை மட்டும் இருமிய கார்

சம்சயம் ஆசானின் சந்தேகத்துக்குத் தப்பியவர் என்று இந்த உலகத்தில் ஒருவரும் கிடையாது. கடவுளுக்கே அவர் அரை மார்க்தான் போட்டு வைத்திருந்தார் என்பது என் கணிப்பு.

பாறசாலையில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். சம்சயம் என்றால் சந்தேகம்; அது ஊர் வைத்த பெயர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்குக் கேக்குற?" என்பார். வேதக்கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிட்டு, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தும்போது, சபை முழுக்கக் கழுத்தைத் திருப்பி இவரைத்தான் பார்க்கும். தன் கல்யாண ஓலைக்கே எழுந்து நின்று, "பொண்ணுக்க வயசு சரிதானா போதகரையா, நல்லா பாத்துச் சொல்லும்" என்று கேட்டவர். அந்த அம்மாள் அதற்குப் பிறகும் அவரைக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

பட்டறைக்கு ஒரு வண்டி வந்தால் முதலில் பானட்டைத் திறக்க மாட்டார். வண்டியில் வந்தவர்களைத் திறப்பார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் விசாரணை நடக்கும். "எஞ்சின் பொய் சொல்லாது. அதுல ஏறி வாறவன்தான் சொல்லுவான். முதல்ல ஆளைத்தான் பாக்கணும்" என்பது அவர் தொழில் முறை.

எல்லைப் போராட்ட காலம் அது. மலையாள நாட்டில் கிடந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் நாலு பேர் சேர்ந்து நின்றால் போலீஸ் வந்துவிடும். ஊரே ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்த அந்த நாட்களில்தான் ஆசான் முதல் முறையாக ஒரு சாதாரண மனிதராகத் தெரிந்தார்.

நான் அப்போது ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். சீமைக்குத் திரும்பிய ஒரு எஸ்டேட் துரையிடம் டாக்டர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. பச்சை நிறம், இரண்டே சீட், கூரை கிடையாது, தரையோடு தரையாகப் போகும். செவ்வாய்தோறும் அதில் நெய்யாற்றின்கரைக்கு மருந்து வாங்கப் போவோம். வழியில் போலீஸ் சீட்டைத் தூக்கிப் பார்க்கும், மருந்துப் பெட்டியை முகர்ந்து பார்க்கும். பானட்டை மட்டும் தொடாது. அதனால் போராட்ட நோட்டீசுக் கட்டை நான் அதற்குள்தான் வைப்பேன். எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி அனுப்ப ஒரு தகர டப்பா உண்டு. உள்ளே தாராளமான இடம். டாக்டருக்கு இது தெரியாது. பிடிபட்டால் நான் ஜெயிலுக்கு, என்னோடு ஒன்றுமறியாத அந்த மனிதரும்.

மருந்து கலக்கத் தெரிந்த எனக்குப் பெட்ரோலும் காற்றும் கலக்கிற கணக்குத் தெரியவில்லை. சமதரையில் நன்றாக ஓடும் வண்டி, ஏற்றம் வந்தால் மூச்சு முட்டிக் கரும்புகை கக்கி நின்றுவிடும். மூன்று செவ்வாய் தொடர்ந்து, ஏற்றத்தில் போலீஸ் காவல் நிற்கும் இடத்துக்கு நேர் முன்னால் நின்றது. மூன்றாம் தடவை இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. நிஜமான பழுதா, வேவு பார்க்கிறோமா என்று அறிந்து வர ஒரு கான்ஸ்டபிளை எங்களோடு அனுப்பினார். பாவம், பட்டறை வரை வண்டியைத் தள்ளியதும் அவர்தான்.

கட்டு டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

ஆசான் பிளக்குகளைக் கழற்றி வெயிலில் காட்டிப் பார்த்தார். "முழுக்கக் கரி. பெட்ரோல் கூடுதல், காத்து கம்மி."

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குமோ ஆசானே?" என்றேன்.

"தண்ணின்னா திக்கும், கரி பிடிக்காது. உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"வெயிலாக்கும்."

"நீ நெழல்லல்லா நிக்குத."

அடுத்து டாக்டரிடம் திரும்பினார். "இந்தக் கேடு எப்பவும் உண்டா சாரே?"

டாக்டர் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை இதே ஏத்தத்துல போனேன். பறந்துது. செவ்வாய்க்கிழமைதான் இப்படி, மூணு தடவையும் போலீஸ் நிக்குற எடத்துல."

"எஞ்சினுக்குக் கிழமை தெரியாது. ஞாயித்துக்கிழமை கூட யாரு?"

"வீட்டுக்காரி."

"செவ்வாய்க்கிழமை?"

டாக்டர் என்னைக் காட்டினார். ஆசான் என்னை மேலும் கீழும் அளந்தார். "அம்மா இவனுக்கு ரெண்டு மடங்கு உண்டு. அப்போ பாரம் காரணமில்லை."

டாக்டர் அதைக் கேட்காதவர் போலப் புளியமரத்தைப் பார்த்தார். ஆசான் நேராகப் போய்த் தகர டப்பாவின் மூடியைத் திறந்தார். கான்ஸ்டபிள் கிட்டே வந்தார். உள்ளே போன கை நின்றது. ஆசான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டே வாழ்ந்தவருக்கு அன்றைக்குத்தான் கையில் சாட்சி கிடைத்திருந்தது.

"அதெந்தா ஆசானே?" என்று மலையாளத்தில் கேட்டார் கான்ஸ்டபிள்.

"எலிக் கூடு."

கட்டைக் கசக்கி வெளியே எடுத்துக் கழிவு ஆயில் டின்னுக்குள் அமுக்கினார். மிஞ்சிய தாள்களில் கையைத் துடைத்தார்.

"பேப்பர் ஆணல்லோ?"

"பின்னே எலி செங்கல்லும் சாந்தும் வச்சா கூடு கெட்டும்?" என்றவர், கான்ஸ்டபிளையே புளியமரத்தடிக்கு அழைத்தார். "இங்க வாரும். வண்டி மூணு தடவையும் உங்க ஆளுங்க நிக்குற எடத்துலல்லா நின்னுது? அங்க எலி உண்டா? எனக்கு உங்க பேரிலதான் சம்சயம்."

கால் மணி நேர விசாரணைக்குப் பிறகு கான்ஸ்டபிள் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எஞ்சினும் சொன்னபடி கேட்டது. புறப்படும்போது ஆசான் என் காதருகே வந்தார்.

"மக்கா, எலி காத்து போற வழியில கூடு கெட்டப்பிடாது. பேட்டரிக்கு அடியில எடம் உண்டு."

எல்லை பிரிந்தபோது பாறசாலை மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. நான் இந்தப் பக்கம் வந்து மருந்துக்கடை வைத்தேன், ஸ்கூட்டர் வாங்கினேன். அதற்கு என்ன கேடு வந்தாலும் எல்லை தாண்டி அவரிடம்தான் கொண்டு போவேன். ஒவ்வொரு தடவையும், "எலி உண்டா மக்கா?" என்பார். இல்லை என்பேன். நம்பாமல் கையை விட்டுப் பார்ப்பார்.

ஆசான் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. போன வாரம் ஸ்கூட்டர் நின்றுபோய், எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். நல்ல மனுஷன். நான் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.