ஒன்றுக்கு அடுத்து நான்கு

மாமனாருக்குப் பக்கத்தில் இனி ஒருநாள்கூட வலை கட்டமாட்டேன் என்று தமிழ்வாணன் மனைவியிடம் சொன்னது பசியாவரம் முழுக்கக் கேட்டது. அவன் குரல் அப்படி.

விஷயம் இதுதான். முகத்துவாரத்துக்குப் போகும் கால்வாயில் ஆறு படகுகள் வரிசையாக நின்று வலை கட்டும். முதல் இடத்தில்தான் இறால் அதிகம் என்பதால் இடம் தினமும் சுழலும். இந்த முறையைப் பாடு என்பார்கள். இந்த வருஷச் சீட்டுக் குலுக்கலில் மாமனார் சுப்பராயலுவின் ஒன்றாம் நம்பர் படகுக்கு அடுத்ததாக மருமகனின் நான்காம் நம்பர் விழுந்துவிட்டது. இடம் சுழன்றாலும் பக்கத்துப் படகு மாறாது. சுப்பராயலுவோ தன் மூட்டுவலியைப் பற்றி, மாத்திரையின் நிறம் உட்பட, விடியவிடியப் பேசக்கூடியவர்.

மனைவி அர்ச்சனா பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். ஆறு படகு நம்பர்களையும் தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்தி ஒரே எண்ணாக எழுதினாள்: 142857.

"மொத நாள் இப்பிடியே. மறுநாள் ரெண்டால பெருக்கு, அடுத்த நாள் மூணால. ஆறு நாளும் இதே ஆறு நம்பர்தான் வரும், யாரும் வுட்டுப்போவ மாட்டாங்க."

"இதுலயும் ஒண்ணுக்குப் பின்னால நாலுதான நிக்குது?"

"அது மொத நாளுக்கு. மூணால பெருக்கிப் பாரு."

போனில் பெருக்கினான். 428571. நான்கு முதலில், ஒன்று கடைசியில். நடுவில் கால்வாய் முழுக்க நிம்மதி. மற்றதைப் பெருக்கிப் பார்க்கப் பொறுமையில்லாமல், ஊரில் பாடு முறையைக் கவனிக்கும் தேசப்பனிடம் ஓடினான். ஆளுக்கு ஒருநாள் முதலிடம் சரியாக வருவதைப் பார்த்த தேசப்பன் உடனே சம்மதித்தார்.

முதல் நாளைப் பல்லைக் கடித்து ஓட்டினான். இரண்டாம் நாள் 285714. "வா மாப்ளே, குந்து" என்றார் சுப்பராயலு. மூன்றாம் நாள் சொர்க்கம். பிறகு 571428, 714285, 857142. கைகோத்துச் சுற்றும் பிள்ளைகள் மாதிரி, யார் முன்னால் வந்தாலும் ஒன்றின் கையை நான்கு விடவில்லை.

ஏழால் பெருக்கினால் பிடி விடும் என்று தேசப்பனிடம் மன்றாடினான். 999999 வந்தது. ஊரில் ஒன்பதாம் நம்பர் படகே கிடையாது. முறை முறைதான் என்று அன்று யாரும் போகவில்லை. இறால்கள் தொல்லையில்லாமல் கடலுக்குப் போயின.

ஊர் முறைத்தது. எட்டு கைகொடுக்கும் என்று கெஞ்சினான். 1142856. முன்னால் இரண்டு மாமனார்கள். ஆறாம் நம்பர் படகு விறகாகி இரண்டு வருஷமாகிறது. ஏழாம் நம்பர் சாலமனுக்கு இடமே இல்லை.

"என் படகு எங்கடா? உன் கணக்கு தின்னுடுச்சா?" என்று சாலமன் கரையிலேயே மறித்தார்.

சுப்பராயலுதான் சமாதானம் செய்தார். "வுடு சாலமா, மொத எடத்த நீ எடுத்துக்க. நான் மாப்ள பக்கத்துலயே இருந்துக்கறேன்."

இனி ஒன்று முதல் ஆறு வரை பெருக்கினால் போதும், சீசன் முடியும்வரை அதே சுற்று என்று தேசப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தமிழ்வாணன் மணலில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் மகளோடு இறால் பிரித்துக்கொண்டிருந்த மாமியார் தேவகி, தலை நிமிராமலே அர்ச்சனாவைக் காட்டிச் சொன்னாள்:

"மாப்ள எடத்த மாத்தணும்னு குதிக்கிறாருன்னதும், மாறாத நம்பரா ஒண்ணு பாத்துக் குடுடின்னு நாந்தான் இவளாண்ட சொன்னேன், அந்த மனுசன் மூட்டுவலிய தண்ணியிலயே பேசித் தீத்துட்டு வந்தாத்தான் வூட்ல என் காது சும்மா கெடக்குது."