றெக்கை தொங்கிய விமானம்

புதிதாகக் கல்யாணமாகி, புருஷனைத் தூரதேசத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் சும்மா விட்டுவைக்கக் கூடாது. ஏதாவது செய்துவிடுவாள். நான் செய்தேன். ஒரு போர் விமானத்தையே நாசம் செய்தேன்.

எழுபதுகளில் நடந்தது. முதலமடையில் எங்கள் வீட்டைச் சுற்றி மாந்தோப்பு. ஆனால் என் கணவருக்குத் தோப்பில் மனம் ஒட்டவில்லை. ஏர்ஃபோர்ஸில் மெக்கானிக்காகச் சேர்ந்து, வடக்கே எங்கோ விமானங்களுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தார். கல்யாண லீவு முடிந்து போனவர் அடுத்த மாங்காய் சீசன் வரை வரவில்லை. வீட்டில் நானும் என் மாமியாரும்தான். (சண்டையெல்லாம் கிடையாது. இரண்டு பேரும் ஒரே ஆளுக்காக வழி பார்த்துக்கொண்டிருந்தோம், சண்டைக்கு நேரம் ஏது?)

போகும்போது அவர் ஒரு குட்டி விமானத்தை விட்டுவிட்டுப் போனார். அசல் போர் விமானத்தை அப்படியே உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிய மாதிரி. வெளிநாடு போய்வந்த அதிகாரி ஒருவர் கொடுத்ததாம். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, சாம்பல் நிறச் சாயமும் பூசி முடித்தார். சின்னங்களை ஒட்டுவதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. அந்தச் சின்னங்களுக்கு டீகால் என்று பேர். தாளில் அச்சடித்த மெல்லிய படங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் தாளைவிட்டு வழுக்கிக்கொண்டு வரும், வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

“இதை ஒட்டீட்டா மட்டும் வேலை முடியாது சரசு,” என்று சொல்லியிருந்தார். “பறந்த பிளேனு இப்படிப் பளபளன்னு இருக்காது. பொகை படியோணும், எண்ணெய் வழியோணும், வெய்யில்ல சாயம் வெளுக்கோணும். அப்பத்தான் நெசப் பிளேனு மாதிரி இருக்கும்.”

அலமாரியில் இருந்த அதைத் தினமும் துடைத்தேன். துடைக்கிற சாக்கில் பேசவும் செய்தேன். “சாப்பிட்டீங்களா?” என்றுகூடக் கேட்டிருக்கிறேன். (பதில் வராது என்று தெரியும். அவருடைய கடிதங்களிலும் நான் கேட்டதற்குப் பதில் இருக்காது.)

அடுத்த வாரம் வருகிறேன் என்று கடிதம் வந்ததும் எனக்குள் புத்தி புகுந்தது. வருவதற்குள் நானே விமானத்தை முடித்து வைத்தால் எப்படி அசந்துபோவார்!

அன்று அத்தை மாங்காய் பறிப்பைப் பார்க்கத் தோப்புக்குப் போயிருந்தார். நான் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, டீகால் தாளை முழுசாக முக்கிவிட்டுப் பருப்பைக் கிளறப் போனேன். (ஒவ்வொன்றாக வெட்டிப் போடவேண்டுமாம். யார் கண்டது?) திரும்பி வந்தால் காவி, வெள்ளை, பச்சை வட்டங்களும் எண்களும் தாளைவிட்டு இறங்கி மீன்குஞ்சுகள் மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றைத் தொட்டால் விரலில் சுற்றிக்கொண்டது. உதறினால் அடுத்த விரலுக்குத் தாவியது. இறக்கைக்குரிய வட்டம் வாலில் உட்கார்ந்தது. எண் தலைகீழாக நின்றது. ஒரு வட்டம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஈரக்கையால் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

அடுத்தது புகை. அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் படிந்திருந்த கரியை விரலால் எடுத்து விமானத்தின் பின்பக்கம் தேய்த்தேன். ஒரு கோட்டோடு நிறுத்தியிருக்கலாம். எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், பாவம், என்று நினைத்துக்கொண்டே பூசியதில் பாதி விமானம் கறுத்துவிட்டது. எண்ணெய்க்குக் கண்மையை நல்லெண்ணெயில் குழைத்து வழியவிட்டேன். கடைசியில் சாயம் வெளுக்க வேண்டுமே? வாசலில் மாங்காய் வற்றல் காய்ந்துகொண்டிருந்த தகரத்தின்மேல் விமானத்தை வைத்துவிட்டு உள்ளே போனேன். சித்திரை மாதத்து முதலமடை வெயிலுக்குப் பிளாஸ்டிக் எல்லாம் ஒரு பொருட்டா?

சற்று நேரத்தில் வாசலில் ஓர் அலறல்.

“ஐயோ, எஞ்சாமி! எம்பட பையன் பிளேனு எரிஞ்சுபோச்சே!”

தோப்பிலிருந்து திரும்பிய அத்தை தகரத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். விமானம் கன்னங்கரேலென்று, இரண்டு இறக்கையும் உருகித் தொங்க, மழையில் நனைந்த காக்கை மாதிரி கிடந்தது. மகனுக்கே ஏதோ ஆகிவிட்டது, அதற்குச் சகுனம் இது என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். சத்தம் கேட்டு மாங்காய் பறித்தவர்கள் ஓடிவந்தார்கள். “பையன்”, “எரிஞ்சுபோச்சு” என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். மாங்காய் ஏற்ற வந்த லாரி டிரைவர், “எந்து பற்றி? எந்து பற்றி?” என்று, என்ன ஆச்சு என்பதை மலையாளத்தில் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அத்தை, அதை நாந்தானுங்க பண்ணினேன்!” என்று கத்தினேன். யார் கேட்டார்கள்!

அந்த நேரம் பார்த்து அவர் வந்தார். லீவு முன்னதாகவே கிடைத்துவிட்டதாம். பஸ்ஸை விட்டிறங்கி, தோளில் ட்ரங்குப் பெட்டியோடு நடந்து வந்தவர் வாசலில் கூட்டத்தையும் ஒப்பாரியையும் கண்டதும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“ஆருக்கு என்னாச்சு? சரசு! சரசு எங்கே?”

அத்தனை பேர் முன்னால் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் வரும்போது எந்தச் சேலை, எத்தனை முழம் பூ என்று மாதக்கணக்கில் யோசித்து வைத்தவள், முழங்கை வரை கரியும் முந்தானையெல்லாம் நல்லெண்ணெயுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நின்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு இரண்டு குதிகாலையும் சேர்த்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

“என்னுங்க இது?” என்றேன்.

“நெத்தியில ஏர்ஃபோர்ஸ் வட்டத்த ஒட்டீட்டு நிக்கறே. சல்யூட் அடிக்காமப் போனா என்னைய வேலைய உட்டுத் தூக்கீருவாங்க.”

லாரி டிரைவர்தான் முதலில் சிரித்தார். அத்தை மகனை இரண்டு அடி அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதார். நான் சமையலறைக்குள் போய், பருப்பும் தீய்ந்துபோயிருப்பதைக் கண்டேன்.

வெந்நீரில் முக்கினால் இறக்கையை நிமிர்த்திவிடலாம் என்றார். ஆனால் நிமிர்த்தவில்லை. லீவு ஓடிவிட்டது. அழக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு பஸ்ஸுக்கு வழியனுப்பப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன சரசு, றெக்கை தொங்குது?”

சிரித்துவிட்டேன். பஸ் வளைவு திரும்புகிறவரை சிரித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், வாசலில் நிற்பவரைப் பார்த்து யாராவது அதைக் கேட்டுவிடுவார்கள். மருமகன் துபாய்க்குப் போனபோது என் மகள் நின்ற நிலையைப் பார்த்து என் கணவரே கேட்டார். “போங்கப்பா!” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

இப்போது அவர் மருந்து வாங்கப் பொள்ளாச்சி போனாலும், வாசலில் திரும்பி என் தோளைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். நானும் தோளைத் தொங்கவிட்டு நிற்பேன். நடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போவார்.