ஆறு மணி ஆராதனை

"ஒன்பது மணிக்குன்னு போன வாரமே சொன்னேனே?" என்றார் போதகர், வாயில் இருந்த பிரஷ்ஷை எடுத்துவிட்டு.

"சொன்னீங்க ஐயா," என்றார் சங்கு. "ஒன்பதுக்குத்தான் வந்திருக்கோம். கொஞ்சம் முன்னாடி வந்துட்டோம்."

அப்போதுதான் முகம் தெரியும் அளவுக்கு விடிந்திருந்தது. கோயில் படிகளில் மொத்த சபையும் குந்தியிருந்தது. அத்தனையும் நரைத்த தலை.

நூல் மில் ஓடிய காலத்தில் இரவு ஷிஃப்ட் ஆறு மணிக்கு விடும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே ஆட்கள் நேராகக் கோயிலுக்கு வருவார்கள். அவர்களுக்காக வைத்த ஆராதனை அது. மில்லை மூடி ஒரு தலைமுறை ஆயிற்று. அங்கே சங்கு ஊதியவர் இப்போது கோயில் மணி அடிக்கிறார். ஆனாலும் பெயர் சங்குதான். ஆராதனை நேரமும் அப்படியே தங்கிவிட்டது.

மேலிடம் போதகரிடம் கறாராகச் சொல்லியிருந்தது: வருட முடிவுக்குள் புதுமுகம் வராவிட்டால் கோயிலை மூடிவிட வேண்டும். கிழவர்களிடம் இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் எந்த இளவட்டம் எழுந்து வரும்? எனவே நேரத்தை மாற்றினார். சபை மாறவில்லை.

பாவம், பசியோடு காத்திருக்கிறார்களே என்று டீயும் பன்னும் வரவழைத்தார். குடித்து முடித்ததும் எல்லோரும் செருப்பைத் தேடினார்கள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு," என்றாள் ஃபிட்டரக்கா. பழைய ஃபிட்டரின் மனைவி.

"இன்னும் ஆராதனையே ஆரம்பிக்கலையே!"

"டீ குடிச்சாச்சே ஐயா. டீ குடிச்சா வீட்டுக்குப் போறதுதானே வழக்கம்?"

அன்று ஒன்பது மணிக்குப் போதகர் தன் மனைவிக்குப் பிரசங்கம் செய்தார். அவள் தூங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் டீயை நிறுத்தினார். சங்கு விடியல் மணியை அடித்துவிட்டு வெளியே வந்ததும், எட்டரை வரை கேட்டைப் பூட்டினார். சபை ஆறு மணிக்குத் தெருவில் நின்று பாடத் தொடங்கியது. கூரைக்குள் அடங்கிக் கிடந்த பாட்டு தெரு முழுக்கப் போயிற்று. வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். எதிரே அடுக்குமாடி வீடுகள். புதுமுகங்கள் வேண்டும் என்று ஜெபித்திருந்த போதகருக்கு ஜன்னலுக்கு ஒரு முகம் தெரிந்தது. எல்லாம் திட்டின.

"ஞாயித்துக்கிழமையாவது தூங்க விடுங்கய்யா!"

மணிச்சத்தம்தான் இவர்களை எழுப்பிவிடுகிறது என்று போதகருக்குப் பட்டது. "காலையில மணி அடிக்காதீங்க," என்று சங்கிடம் கண்டித்துச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. சபை சங்கின் வீட்டு வாசலில் கூடியது. ஃபிட்டரக்கா ஓவென்று அழுதாள். கதவைத் திறந்துகொண்டு சங்கு வந்தார்.

"யாரு போயிட்டா?"

"நீங்கதாண்ணே," என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

செய்தி கேட்டு ஓடிவந்த போதகர் மூச்சு வாங்க வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "புதுசா யாரும் வரலைன்னா கோயிலை மூடிடுவாங்க. உங்களை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

சங்கு மெல்லச் சொன்னார்.

"அப்பல்லாம் உக்கார இடம் இருக்காது ஐயா. எண்ணெய் நாத்தமும் பஞ்சுமா வந்து நிப்பானுங்க. பிரசங்கத்துல பாதிப் பேரு குறட்டை. பழைய ஐயா எழுப்பவே மாட்டாரு. பாட்டுன்னா மட்டும் எந்திரிச்சுப் பாடுவானுங்க பாருங்க, மெஷின் சத்தத்துல பழகின தொண்டை, கண்ணாடி அதிரும். நாங்க ஆறு மணிக்கு வந்தா அவனுங்களும் வந்துட்ட மாதிரி இருக்கும். அவ்வளவுதான்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவனுங்க யாரு இருக்கா இப்ப? விடுங்க. ஒன்பதே இருக்கட்டும்."

"ஒன்பதுதான்," என்றாள் ஃபிட்டரக்கா. "இனிமே ஆறுன்னு எவனாவது வாயைத் தொறந்தா பல்லு இருக்காது."

"இப்பவே யாருக்கும் இல்லையே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சொன்னபடியே செய்தார்கள். அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குக் கோயில் வாசலில் ஒரு நரைத்த தலையும் இல்லை. ஒன்பதுக்கு மணி அடித்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு முதல்முறை போகிறவர்களைப் போலக் கூச்சத்தோடு வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது வாசலில் ஒரு இளம்பெண் வந்து நின்றாள். கழுத்தில் கம்பெனி அட்டை, சிவந்த கண்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போதகர் மேடையை விட்டு ஓட்டமாக இறங்கினார். பாட்டு தானாக நின்றது.

"வாம்மா, வா! ஒன்பது மணி ஆராதனைக்குத்தானே?"

"இல்லீங்க." கொட்டாவியைக் கையால் மறைத்தாள். "மில் இருந்த இடத்துலதான் எங்க கம்பெனி. நைட் ஷிஃப்ட். அன்னிக்கு நீங்க ரோட்டுல பாடினதைக் கேட்டுட்டு, இன்னிக்கு வேலை முடிஞ்சதும் ஒரு முப்பது பேரு வந்தோம். கேட் பூட்டியிருந்துச்சு. மத்தவங்க தூக்கம் தாங்காம போயிட்டாங்க. கேட்டுட்டு வரச் சொன்னாங்க…"

"என்னம்மா?"

"ஆறு மணிக்கு ஆராதனை வைக்கிற பழக்கமே இங்க கிடையாதுங்களா?"