சட்டத்தில் சீஸ்

பட்டாளத்துக்கான புதுச் சட்டத்தாள் கட்டைக் கேப்டன் வெய்ன்ரைட், சார்ஜெண்ட் ஒபதியா க்ரவுச்சின் கையில் திணித்தார்.

"நாளைக்குக் காலையில பட்டாளத்து முன்னாடி இதைப் படிச்சிடணும், க்ரவுச். இந்த வருஷம் நிறைய மாத்தியிருக்காங்களாம்."

"போன வருஷத்ததையே படிச்சிடலாமே சார். பசங்களுக்குப் பழகினது."

"போன வருஷச் சட்டம் போன வாரமே செத்துப்போச்சுய்யா. பார்லிமெண்ட் புதுசு போட்டுக் கொடுத்தாத்தான் நாம பட்டாளம். இல்லேன்னா ஜார்ஜ் மகாராஜாவே வந்து நின்னாலும் ஒரு சிப்பாயை ஏன்டான்னு கேக்க முடியாது."

ஒபதியாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாதது எழுத்து மட்டும்தான். பதினான்கு வருஷமாகச் சார்ஜெண்ட். ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சட்டத்தைச் சிப்பாய்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி. முன்பிருந்த சார்ஜெண்ட் படித்ததைக் கேட்டுக் கேட்டு நெட்டுருப் போட்டு, தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்துவிடுவார். பார்லிமெண்ட்காரர்களும் நல்ல மனிதர்களாக, வருஷா வருஷம் பழையதையே புதுசாக நிறைவேற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் என்ன கேடு வந்ததோ, மாற்றிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்தால் சார்ஜெண்ட் பதவிக்கு அடையாளமான ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு கடைசி வரிசையில் நிறுத்திவிடுவார்கள். ஐம்பது வயதில், இத்தனை நாள் தன்னிடம் திட்டு வாங்கியவர்களுக்குப் பக்கத்தில்.

"தொண்டை கட்டியிருக்கு சார்" என்றார் கரகரத்த குரலில்.

"அப்படியா? நல்லதாப் போச்சு. நாளை மறுநாள் வச்சுக்கலாம். அன்னிக்கு நம்ம ஊர் எம்.பி. சர் பெரக்ரின் வர்றாரு. அவரே ஓட்டுப் போட்ட சட்டமாச்சே, கையில ஒரு பிரதியை வச்சுக்கிட்டு எழுத்துக்கு எழுத்து சரிபாக்கச் சொல்லிடுறேன்."

தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.

சிப்பாய்களில் படிக்கத் தெரிந்தவன் ஜெத்ரோ ஸ்பர்லிங் ஒருவன்தான். நாற்பது வயது, வாய் நீளம். மத்தியானம், பட்டாளம் தங்கியிருந்த நீலப்பன்றி விடுதியின் லாயத்தில் அவனைப் பிடித்தார் ஒபதியா.

"படிக்கத் தெரியும்னு ஊரெல்லாம் பீத்திக்கிறியாமே. எங்க, படி பாப்போம்."

ஜெத்ரோ தாளைப் பார்த்தான். பிறகு சார்ஜெண்டைப் பார்த்தான். பிறகு தலைகீழாக நீட்டப்பட்டிருந்த தாளை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தான்.

மூன்று தடவை படிக்க வைத்தார்.

"அந்த சீஸ் வர்ற எடம், அதை இன்னொரு தரம்."

"ஏன் சார், தப்பாப் படிக்கிறேனா?"

"உச்சரிப்பு சரியில்ல. படி."

குறித்த நாளில் விடுதி முற்றத்தில் பட்டாளம் வரிசை கட்டி நின்றது. சர் பெரக்ரின் பெரிய நாற்காலியில் பெரிய உடம்பை இறக்கினார். கோட்டுப் பையிலிருந்து மடித்த அச்சுத்தாளை எடுத்து விரித்து, முதல் வரியில் விரலை வைத்தார். கேப்டனுக்கு முகமெல்லாம் பல்.

ஒபதியா ஆரம்பித்தார். கலகம் செய்தால் மரணம். படையை விட்டு ஓடினால் மரணம். காவலில் தூங்கினால் அதுவும் மரணம். பெரக்ரினின் விரல் வரி வரியாக இறங்கியது. ஒபதியாவுக்கு உற்சாகம் பிறந்து குரல் ஏறியது.

"சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் அரை ராத்தல் சீஸ் வழங்கப்படும்."

கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெத்ரோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஒபதியாவுக்கு உறைத்தது. படுபாவி, தலையில் மிளகாய் அரைத்துவிட்டான். ஆனால் நெட்டுருப் போட்ட வாய். ஓரிடத்தில் நின்றால் மொத்தமும் மறந்துவிடும். வேறு வழியில்லாமல் அடுத்ததையும் சொன்னார்.

"மழை நாளில் அணிவகுப்பு கிடையாது."

கேப்டன் கையை உயர்த்தினார். "நிறுத்துய்யா. ஐயா, மன்னிக்கணும். சீஸ்னு காதுல விழுந்துது. அப்படியா இருக்கு?"

ஒபதியா ஈட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். இன்னும் எத்தனை நிமிஷமோ.

பெரக்ரின் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமாமா, இங்கதான் இருக்கு. இந்த வருஷம்தான் புதுசா எறக்கியிருக்காங்க. நல்லா ஓடும் பாருங்க."

"மழை பெஞ்சா வேணாம்கிறது?"

"பின்ன? சேத்துல ஓடினா கால் ஒடிஞ்சுபோகாதா?"

"ஆகா, சிப்பாய் மேல என்ன கரிசனம்" என்று உருகினார் கேப்டன். மிச்சத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எம்.பி. முன்னிலையில் எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கப்பட்டது என்று தாள் கட்டின் மேலேயே எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கி, முத்திரை வைத்துப் பெட்டியில் பூட்டினார். சனிக்கிழமைக்கு சீஸ் கொண்டுவரச் சொல்லி ஆள் போனது. சிப்பாய்களின் தொப்பிகள் கூரை வரை பறந்தன. ஒபதியாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

ஜெத்ரோ மட்டும் வெளிறிப்போய் வந்தான். "சார், சத்தியமா அது ரெண்டும் நான் சேத்தது. சட்டத்துல கிடையாது."

"ஓட்டுப் போட்டவரே இருக்குங்கிறாரு. இல்லேன்னு சொல்ல நீ யாருடா? போய் வரிசையில நில்லு."

அவனை விரட்டிவிட்டாரே தவிர, மனசு அரித்தது. முற்றத்து ஓரத்தில் பெரக்ரினின் வண்டிக்காரன் அம்ப்ரோஸ் குதிரை பூட்டிக்கொண்டிருந்தான். அந்த அச்சுத்தாள் வண்டி இருக்கையில் கிடந்தது.

"தம்பி, கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். இதுல சீஸ் எங்க போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

அம்ப்ரோஸ் தாளை எடுத்து மேலிருந்து கீழே பார்த்துவிட்டு மடித்து வைத்தான்.

"இதுல ஏதுண்ணே சீஸ்? இது நியூமார்க்கெட் பந்தயத்துல ஓடற குதிரைங்க பட்டியல். உங்க சட்டத்துக்குப் பார்லிமெண்ட்ல கை தூக்கின அன்னிக்கும் ஐயா இதைத்தான் படிச்சிக்கிட்டிருந்தாரு."