பேஸ் வாசித்த எலி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் தங்கை, கூடத்துக் கடிகாரம் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். என் இடுப்பு மட்டும் போன செவ்வாய்க்கிழமையோடு நின்றுவிட்டது. அங்கு தங்கள் சர்க்கரை அளவு, வீட்டில் அக்காவின் முழங்கால், தங்கள் கட்டிலுக்கு அடியில் முப்பது வருஷமாகப் படுத்திருக்கும் கிட்டார், இம்மூன்றின் நலத்தையும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் புருவத்தைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. போனில் பேசிய லட்சணத்தைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தோமே. நம் கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்தில் நாம் நால்வரும் இன்னும் ஒரே ஒருமுறை மேடையேறி மெட்டல் ராக் வாசிக்க வேண்டும், அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்று சொன்னேன். ‘ம்’ என்றீர்கள். பாடுவதற்குத் ‘தொண்டை’ ஒப்புக்கொண்டான், அவன் இப்போது நூலகன், ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்தே முப்பது வருஷக் கூச்சலைச் சேர்த்து வைத்திருக்கிறான் என்றேன். அதற்கும் ‘ம்’ என்றீர்கள், லேசாகச் சிரிக்கவும் செய்தீர்கள். டிரம்ஸுக்கு நம் ‘இடி’ வருகிறான் என்றேன். “அந்த பிஸ்கட்காரன் வந்தா நான் வரலை” என்று போனை வைத்துவிட்டீர்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. லீட் கிட்டார் இல்லாத மெட்டலும் அங்கேதான் போக வேண்டும். தாங்கள் வராவிட்டால் நிகழ்ச்சியே இல்லை என்று தொண்டையும் சொல்லிவிட்டான்.

ஆனால் அடியேனின் அவசரம் தாங்கள் அறிந்ததுதான். தாங்கள் போனை வைத்த இரண்டாம் நாளே நான் பேஸ் கிட்டாருக்குச் சத்தம் கூட்டும் ஆம்ப் வாங்கக் கிளம்பிவிட்டேன். பெண் பார்க்கும் முன்பே மண்டபம் பிடித்த கதை என்று தங்கள் தங்கை சொன்னாள். எனக்கென்று ஓர் ஆம்ப் அன்றைக்கும் இருந்ததில்லை, அதனால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் தெரியாது. கடை ஒரு செருப்புக் கடைக்கு மேலே, ஒற்றை ஆள் ஏறும் படியில் இருந்தது. உள்ளே போனால் நம் வயசுக்கார அம்மா ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஏதோ ஒரு ஆம்பின் வயிற்றைத் திறந்து ஈயம் வைத்து வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலையணை அளவில் ஒரு பெட்டியைக் காட்டி, இது போதுமா என்று கேட்டேன். என்ன வாசிப்பீர்கள் என்றார். மெட்டல் என்றேன். என் தலையில் முடியைத் தேடினார், இல்லை. காலைப் பார்த்தார், ரப்பர் செருப்பு. சரி என்று ஒரு பெருமூச்சு விட்டு, உங்கள் டிரம்ஸ்காரர் எப்படி அடிப்பார் என்று கேட்டார். அவனுக்கும் ஆம்புக்கும் என்ன சம்பந்தம் என்றேன். பேஸ் ஆம்ப் நமக்காக வாங்குவதில்லையாம், பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பவனுக்காக வாங்குவதாம். அவன் கைக்குத் தகுந்த வாட் இல்லையென்றால் நாம் வாயசைப்பது மாதிரி விரலசைத்துவிட்டு வர வேண்டியதுதானாம். உடனே அங்கிருந்தே இடிக்குப் போன் போட்டேன். தோள் பிடிப்பால் வலது கை காதுக்கு மேலே எழும்பாது, இடது தோள் பரவாயில்லை, கால் மட்டும் அன்றைக்கு மாதிரியே மிதிக்கும் என்றான். அந்த அம்மா மனக்கணக்குப் போட்டு, முந்நூறு வாட் போதும், தோள் குணமானால் ஐந்நூறு என்றார். அடுத்து ஸ்பீக்கர். பதினைந்து அங்குலத்தில் ஒன்றே ஒன்று வைத்தால் சத்தம் வயிற்றில் கேட்குமாம், பத்து அங்குலத்தில் நாலு வைத்தால் நெஞ்சில் கேட்குமாம், மெட்டலுக்கு நெஞ்சுதான் சரியாம். டாக்டரைக் கேட்காமலே நெஞ்சை எடுத்தேன்.

எடுத்துத் தூக்கிப் பார்த்தபோதுதான் இடுப்பு பேசியது. இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு, சாதாரண கிட்டார் ஆம்பிலேயே பேஸையும் சொருகிக்கொண்டால் என்ன என்று, தெரியாதவன் மாதிரி கேட்டேன். அந்த அம்மா பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கிட்டார் ஆம்புல பேஸைச் சொருகி சத்தத்தை ஏத்தினா ஸ்பீக்கர் காகிதம் கிழிஞ்சிடும். கிழிச்சிட்டு எல்லாரும் எலி கடிச்சிடுச்சுன்னுதான் ரிப்பேருக்குத் தூக்கிட்டு வருவாங்க. இருபது வருஷமா நான் பார்த்த எலி எல்லாமே பேஸ் வாசிக்கிற எலிதான்.”

மச்சான், அந்த அம்மா முகத்தை அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டு வண்டி பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து, எங்கள் கட்டடத்து லிஃப்டில் பெட்டியை ஏற்றி, நானும் ஏறினேன். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், இந்த லிஃப்டுக்கு ‘இதற்கு மேல் பாரம் தாங்காது’ என்று அலறும் மணியை என் கையாலேயே வைத்தவன், அந்த மணி அலறியதை வண்டிக்காரன் ஹாரன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. நான் வேலை பார்த்த கம்பெனிக்கே போன் போட்டால், சாப்பாட்டு நேரத்தில் ஆள் அனுப்புவதில்லை, ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார்கள். அந்த விதியும் நான் போட்டதுதான். மூன்றாவது மாடியிலிருந்து தங்கள் தங்கை கதவு இடுக்கில் வாயை வைத்து, முதல்ல எதை வெளியில எடுக்கணும், உங்களையா பெட்டியையா என்று கேட்டாள். நான் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் மனசு சும்மா இருக்குமா, சொல்லுங்கள்.

நேராக உங்கள் வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டது. சத்தம் வெளியே போகாம சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தோமே, பாதி அட்டையில் கோழி இறகு கூட இருந்ததே. ஜன்னலுக்குக் கீழே உங்க அப்பா வாங்கிக் கொடுத்த ஒரே ஒரு கிட்டார் ஆம்ப். அதை நீங்க தினம் வேட்டி நுனியால துடைப்பீங்க. நீங்க வாசிச்சா தெருவே திரும்பிப் பார்க்கும். என் பேஸுக்கு ஆம்ப் கிடையாது. நான் கிட்டாரோட கொம்பில் தாடையை வச்சு அழுத்திக்கிட்டு, எலும்பு வழியா வர்ற சத்தத்தைக் கேட்டுத்தான் ரெண்டு வருஷம் வாசிச்சேன். நான் சரியா வாசிக்கிறேனா தப்பா வாசிக்கிறேனான்னு என் பல்லுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வியாழக்கிழமை நீங்க கம்பி வாங்கக் கடைக்குப் போனீங்க. நான் என் வயரை உங்க ஆம்புல சொருகினேன். முதல் தடவையா என் சத்தம் எனக்கு வெளியில கேட்டுச்சு. ஜன்னல் கண்ணாடி நடுங்குது, தண்ணி டம்ளர் தானா நகருது. அப்படி ஒரு சந்தோஷம் அதுக்கப்புறம் எனக்கு வாழ்க்கையில ரெண்டு மூணு தடவைதான் வந்திருக்கு. சத்தம் கூட்டுற திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். சர்ருனு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

நீங்க வந்து பார்த்தப்போ நான் மூலையில தாடையை வச்சுக்கிட்டு நல்ல பிள்ளையா உட்கார்ந்திருந்தேன். எலி கடிச்சிருக்கும்னு முதல்ல சொன்னது நான். கீழே பார்த்தா இடி தின்னுட்டுப் போன பிஸ்கட் தூள். எலி ஏன் வந்துச்சு, பிஸ்கட்டால வந்துச்சு, பிஸ்கட் யாரால வந்துச்சுன்னு நீங்களா முடிச்சுப் போட்டுட்டீங்க. அவன் சிந்தாமத்தான் தின்பேன்னு சத்தியம் பண்ணினான், அது மட்டும் பொய்தான், ஆனா மத்ததுல அவன் மேல ஒரு தப்பும் இல்லை. ரெண்டு பேரும் கட்டிப் புரண்டீங்க. உங்க அப்பா மாடி அறையைப் பூட்டினார். நம்ம குழுவும் அன்னிக்கே முடிஞ்சது.

அந்த எலி நான்தான், மச்சான்.

அன்னிக்கே சொல்லியிருக்கணும், உங்க அப்பா பயத்துல சொல்லலை. அப்புறம் உங்க தங்கச்சியைக் கட்டிக்கிட்டேன். அதுவரைக்கும் நமக்குள்ள வாடா போடாதான், கல்யாணத்துக்கு மறுநாள் நீங்க என்னை ‘வாங்க மாப்பிள்ளை’ன்னு கூப்பிட்டீங்க, நானும் ‘சொல்லுங்க மச்சான்’னேன். அன்னிக்குச் சாத்தின கதவுதான். வாடா போடான்னே இருந்திருந்தா என்னிக்காவது ஒரு சண்டையில வாய்தவறியாவது கக்கியிருப்பேன். மரியாதையா பேசுற வாய்ல எலி வரமாட்டேங்குது. எனக்கு ஒரு மச்சான் கிடைச்சார், சிநேகிதன் போயிட்டான். அது எனக்கு இன்னிக்கும் வலிக்குது.

ஆகையால் தாங்கள் அருள்கூர்ந்து கோபத்தை இடியின் மேலிருந்து எடுத்து என் மேல் வைத்துவிட்டு, நிகழ்ச்சிக்கு வர வேண்டும். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் முந்நூறு வாட் பெட்டியை மேடையில் வைத்துவிட்டு நான் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், கட்டிலடிக் கிட்டாருக்கு ஆறு புதுக் கம்பிகள் இத்துடன் வைத்திருக்கிறேன்.

என்றும் தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
தங்கை கணவன் (எலி)

பி.கு.: உறையில் பசை தடவுவதற்குள் உன் தங்கை இதை வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அன்னிக்குக் கீழ் ரூம்ல நான் உங்க பேஸைத்தான் கேட்டுட்டு இருந்தேன். கிழிஞ்சதும் கேட்டுச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா உங்களை வீட்டுக்குள்ளயே விட மாட்டார்னு, கடையிலேர்ந்து வந்த அண்ணன்கிட்ட வாசல்லயே அழுதேன். பழியைத் தூக்கி இடி அண்ணன் மேல போட்டது எங்கண்ணன்தான். இடி அண்ணன் முகத்துல முழிக்க வெட்கப்பட்டுக்கிட்டுத்தான் இன்னும் கோபமா இருக்கிற மாதிரி நடிக்கிறான்.” ஆக மேலே நான் எழுதிய எதுவும் உனக்குப் புதுசு இல்லை. முப்பது வருஷமாக எலிக்குக் காவல் நீ.

பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கூட்டம் நடக்கும் மண்டபத்து ஸ்பீக்கரிலேயே பேஸை நேராகச் சொருகிக்கொள்ளலாமாம், அந்த அம்மா இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மாற்றாக ஒரு கிட்டார் ஆம்ப் எடுத்து வந்தேன், உன்னுடைய பழையது அளவுதான், லிஃப்ட் முனகக்கூட இல்லை. கூடத்தில் ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், அதன் பக்கம் நான் போகவே இல்லை. இடியிடம் நாம ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடலாம், பிஸ்கட் நான் வாங்கிட்டு வர்றேன். வாடா.